நம் பெயர்மேல் வந்த ஏலம்

முஹர்ரம் பெக், அலெக்ஸாந்திரியா
ஏப்ரல் 9

அன்புள்ள மஹாசினுக்கு,

உன்மேல் சாந்தி உண்டாகட்டும். நானும் நம் நர்ஸ் பெண்களும் ஓடியாடும் அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீயும் உன் கணவரும் குழந்தை ருகய்யாவும் கெய்ரோவில் சௌக்கியம்தானே?

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. குரலைப் பதிந்து அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் அக்கா ஸனிய்யா வெள்ளிக்கிழமை ரயிலில் அங்கே வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நீ இதைக் கிழித்துப்போட முடியாது.

முதலில் குழந்தை. அறுவைச் சிகிச்சை செய்து காதில் வைத்த கருவியை இயக்கிவிட்டார்கள் என்று ஸனிய்யா சொன்னாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? முதல் சில வாரம் சத்தத்துக்குப் பயந்து அழுவாள், கருவியைப் பிடுங்கி எறிவாள் என்கிறார்கள். விட்டுவிடாதே. அந்த அறுவைச் சிகிச்சைச் செலவுக்காகத்தான் போன செப்டம்பரில் நீ நம்மை விட்டு, வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் அந்தப் பெரிய கம்பெனிக்குப் போனாய். அன்று நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இன்றும் பேச மாட்டேன்.

நம் நர்ஸ் பெண்களில் ரஜாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், வாய் ஓயாமல் பேசுகிறான். ஃபவ்கிய்யா அக்காவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் மாடி வீட்டு நோயாளியை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஜனவரிப் புயலில் நம் ஆபீஸ் பால்கனிக் கண்ணாடி போய்விட்டது. அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரிக் கடைசியில் நம் போன் அடிப்பது குறைந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கூப்பிட்ட இடத்தில் இரண்டு கூப்பிட்டால் அதிகம். பெண்கள் ஆபீஸில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதினோரு பேரில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். விளம்பரத்தையெல்லாம் நீதான் பார்த்துக்கொண்டாய். எனக்கு ஊசி போடத் தெரியும், அது தெரியாது. நீ வைத்துவிட்டுப் போனபடியே ஓடட்டும் என்று விட்டிருந்தேன்.

ஒரு நாள் இணையத்தில் தேடும் கட்டத்தில் நம் பெயரையே அடித்துப் பார்த்தேன். ‘நாலு கை, அலெக்ஸாந்திரியா.’ படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்க நாலு கை வேண்டும் என்று நீ வைத்த பெயர். முதலில் வந்து நின்றது நாம் இல்லை, உன் கம்பெனியின் விளம்பரம். நம் வீட்டைத் தேடி வருகிறவர்களை நம் வாசலிலேயே கையைப் பிடித்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மருந்துக்கடைக்காரரின் மைத்துனர் வஜீஹ், கல்யாண உடைக் கடை ஒன்றுக்கு விளம்பரம் பார்க்கிறவர். அவரிடம் போனேன். “உங்க பேரை அவங்க ஏலத்துல கேக்கறாங்கம்மா. யார் வேணும்னாலும் கேக்கலாம். அன்ஃபூஷி மீன் ஏலம் மாதிரிதான், ஆனா இந்த ஏலக்காரன் தினுசே வேற” என்றார்.

அவர் சொன்னதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எனக்கு எவ்வளவு புரிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். யாரோ ஒருவர் ஒரு சொல்லை அடிக்கும் ஒவ்வொரு முறையும், கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. விளம்பரத்தை ஒருவர் தொட்டால் அதிகபட்சம் இவ்வளவு தருவேன் என்று ஒவ்வொருவரும் முன்பே சொல்லி வைத்திருக்கிறோம். சொன்ன தொகை முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை, நமக்கு அடுத்த இடத்தில் இருப்பவரைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். பலரும் விரும்பும் சொல் விலை ஏறும், யாரும் சீண்டாத சொல் சும்மா கிடக்கும். இந்த ஏலக்காரன், அதாவது அந்தத் தேடும் தளத்துக்காரன், பணத்தை மட்டும் பார்ப்பதில்லை. நம் பக்கத்துக்கு வந்தவர் தேடியது கிடைத்து நின்றாரா, முகம் சுளித்துத் திரும்பினாரா என்றும் பார்க்கிறான். நிற்க வைக்கிறவருக்கு அதே இடத்தைக் குறைந்த விலைக்கே தருகிறான்.

நீ போட்டுவைத்த நாற்பத்திரண்டு தேடல் சொற்றொடர்களையும் வஜீஹ் திறந்து காட்டினார். அத்தனையும் ஒரே வாரத்தில் விலை ஏறியிருந்தன. ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவர்கள் நின்றார்கள். முதல் வருஷம் அவசரத்தில் நீ ‘படுக்கைப் புன்’ என்று தப்பாக அடித்தாயே, அதன் வழியே சிதி பிஷ்ரிலிருந்து இரண்டு குடும்பம் வந்ததால் திருத்தாமலே விட்டோமே, நினைவிருக்கிறதா? அவர்கள் விளம்பரத்தின் தலைப்பிலும் அதே ‘புன்’தான்.

அந்தப் பட்டியல் உன்னிடமும் என்னிடமும் மட்டுமே இருந்தது. நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் முலூகிய்யாக் கீரையை அடுப்பில் கரிய விட்டேன். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத விருப்பமில்லை.

அடுத்த வியாழக்கிழமை கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். ‘வீட்டுக்கு நர்ஸ்’ என்ற சொல்லுக்குப் பதினோரு பவுண்டு கேட்டுக்கொண்டிருந்ததை இருபத்தெட்டாக ஏற்றினேன். காலை பத்து மணிக்குள் அன்றைய விளம்பரப் பணம் முழுக்கத் தீர்ந்துவிட்டது. வந்த போன் மூன்று. அதில் ஒருத்தி, நர்ஸ் வேலை காலியா, சம்பளம் என்ன என்று கேட்டாள்.

ஃபவ்கிய்யா அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். “அவங்ககிட்ட பணம் இருக்கு, உன்கிட்ட கோபம்தான் இருக்கு. எது சீக்கிரம் தீரும்னு நெனக்கிற?” என்றாள்.  விலையைப் பழையபடி இறக்கினேன்.

அதே வாரம் உன் மேலாளர் கூப்பிட்டார். மிக மரியாதையாகத்தான் பேசினார். “பேரை எங்களுக்கு எழுதிக் குடுத்துடுங்க மேடம். நீங்களும் நிம்மதியா மாசச் சம்பளத்துக்கு வந்துடலாம், உங்க சிநேகிதி மாதிரி” என்றார். பெயர் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.  

மறுவாரம் நண்பகலில் பாகோஸிலிருந்து ஒரு மனிதர் கூப்பிட்டார். அவருடைய தாய் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து சிக்கிக்கொண்டாராம். வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர் அடித்தது ‘வீட்டுக்கு நர்ஸ்’ இல்லை, மஹாசின். ‘அம்மா கட்டில் சந்துல விழுந்துட்டாங்க எப்படித் தூக்கறது’ என்று அடித்திருக்கிறார். விழுந்தவரைத் தூக்கும் முறை என்று நீ முன்பு எழுதிவைத்த பக்கத்தின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. முதலில் கட்டிலை நகர்த்து, தோளை இழுக்காதே, எங்கே வலிக்கிறது என்று கேள் என்று நீ எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்துச் செய்து, தாயை மெத்தைமேல் சேர்த்துவிட்டுத்தான் நமக்கு போன் செய்தார்.  “இதை எழுதினவங்க யாரு? அவங்களையே அனுப்ப முடியுமா?” என்று கேட்டார்.

அவர் வந்ததற்கு நாம் கொடுத்த விலையைப் பார்த்தேன். எண்பது பியாஸ்தர். ஒரு பவுண்டுகூட இல்லை. அந்த வாக்கியத்தை வேறு யாரும் கேட்கவே இல்லை.

அன்று மாலையே எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஈரல் சாண்ட்விச் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். போனை எடுத்ததும் வீட்டுக்காரர்கள் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? யாரும் நர்ஸ் வேண்டும் என்று ஆரம்பிப்பதில்லையாம். அப்பா மருந்தைத் துப்புகிறார். மாமியார் என்னை யாரென்று கேட்கிறார். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. மூன்று நாளாக நான் தூங்கவில்லை. ரஜா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு வாரத்தில் நூற்று முப்பது வாக்கியங்கள் சேர்ந்தன.

ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினோம். அதைச் செய்து பழகிய பெண் சொல்ல, நான் அவள் பேச்சிலேயே எழுதினேன். எப்போது எங்களைக் கூப்பிடத் தேவையில்லை, எப்போது காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் எழுதினோம். பாதிப் பேர் படித்துவிட்டு போன் செய்யாமலே போய்விடுவார்கள் என்று வஜீஹ் தலையில் அடித்துக்கொண்டார். போகட்டும் என்றேன். படிக்கிறவர்கள் நின்று படித்தார்கள். அதை ஏலக்காரன் கவனித்திருக்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் ‘வீட்டுக்கு நர்ஸ்’ என்ற பழைய சொல்லுக்கே நம் விலை பதினொன்றிலிருந்து ஏழாக இறங்கியது. நம் பெயரைத் தேடினால் இப்போது நாம்தான் முதலில் வருகிறோம். உங்கள் கம்பெனி அதற்குக் கீழே நிற்கிறது. நிற்க எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது உனக்குத்தான் தெரியும்.

சில வாக்கியங்களுக்கு மட்டும் நான் விலை சொல்லவே இல்லை. ‘கடைசி மூச்சு எப்படி இருக்கும்’ என்று தேடுகிறார்கள், மஹாசின். மிக மலிவாகக் கிடைக்கும் என்றார் வஜீஹ். அதற்கும் ஒரு பக்கம் எழுதினோம், ஃபவ்கிய்யா அக்கா சொல்லச் சொல்ல. ஆனால் அதன்மேல் விளம்பரமும் இல்லை, அதில் நம் போன் எண்ணும் இல்லை.

நேற்று ஒன்பது அழைப்பு. போன இரண்டு பெண்களில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள். கடையை மூடப் போவதில்லை. உன் மேலாளரிடம் இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, நீயும் சொல்லலாம்.

உன்னிடம் அவர்கள் பட்டியலை எந்த நாளில், எந்த வாயால் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நம் சொற்களின் விலை ஏறியது, அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்த வாரம். உன் இடத்தில் இருந்திருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. நீ என்னிடம் சொல்லாமல் இருந்ததுதான் வலித்தது. இப்போது அது குறைந்திருக்கிறது, முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இத்துடன் நூற்று முப்பது வாக்கியங்களையும் எழுதி வைத்திருக்கிறேன். உன் கம்பெனி மறுபடியும் பட்டியல் கேட்டால் கொடுத்துவிடு. குழந்தையின் கேட்டுப் பேசும் பயிற்சி முடியும் முன் உன் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. வாக்கியத்தை யாரும் விலைக்குக் கேட்கலாம். அதற்குப் பதில் எழுத, தாயைத் தூக்கிப் பழகிய ஆள் வேண்டும். அவர்களிடம் அப்படி ஒருத்திதான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஒரு பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ‘பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறாமல் எப்படி ஊட்டுவது.’ அதில் உன் கைக்கு ஈடு நம்மில் யாரும் இல்லை. நான் எழுதுகிறேன் என்றாள் ரஜா, வேண்டாம், மஹாசின்தான் எழுத வேண்டும் என்றேன். இன்று அதன் விலை அறுபது பியாஸ்தர். தினமும் ஐந்தாறு பேர் தேடி வந்து வெற்றுப் பக்கத்தைப் பார்த்துத் திரும்புகிறார்கள். அவர்களை ரொம்ப நாள் காக்க வைக்க முடியாது, மஹாசின்.

அல்லாஹ் உன் குழந்தையின் காதையும் உன் மனசையும் குளிர வைப்பானாக.

உன் வரவை எதிர்பார்க்கும்,
இன்ஷிராஹ்