பனியில் கிடந்த ‘ஓ’

மருமகளே ஜிபெக், இந்தக் காலத்தில் பாடம் என்றாலே கூத்தாகிவிட்டது. நம் மொழியில் முழு வட்டமாக எழுதும் ‘ஓ’ எழுத்தைச் சொல்லித்தர, முற்றத்துப் பனியில் பிள்ளைகளை வட்டம் வட்டமாக ஓடவிடுவதா? நேற்று அந்தப் பொடிசு பெகாயிம், "டீச்சரக்கா, உங்க மாமனார் பேரும் ஓ-லதானே? சொல்லுங்க!" என்றது. மாமனாரான என் பேரைச் சொல்லக்கூடாதென்று நீ தலைகுனிந்து நின்றாய். நான் எல்லோரையும் விரட்டிவிட்டேன். நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

காலையில் பார்த்தால், நிலாக்கள் இறங்கிவந்து படுத்திருப்பதுபோல் அந்த வட்டங்கள் மூடுபனிக்குள் கிடந்தன. மிதிக்க மனம் வரவில்லை. ஆடுகளை வேலியோரமாகவே ஓட்டிப்போகிறேன்.

சட்டியில் சூப் இருக்கிறது, குடி. பிள்ளைகளை வரச்சொல்.

இன்னொன்று. மறுபடி கேட்டால், ஓமுர்பெக் என்று உன் வாயாலேயே சொல்லிவிடு. ஒரு தடவைதான். ஓடினால் எழுத்து மண்டையில் ஏறுமென்று நான் இன்னும் நம்பவில்லை. போகிறேன்.