என் புருவம் தெரியாத கடிதம்

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, நீ விட்டுப்போன தொட்டிச்செடி மூன்று பேரும் சுகம். அங்கே நீ சுகமாகவும் உன் இருமல் ஊரைவிட்டே ஓடியும் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறக்கிறேன். தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதம், அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பதறாதே, ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் நீ போனில், "அம்மா, இங்கயே இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க, மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும், நீயே சொல்லும்மா, இருக்கட்டுமா, வந்துடட்டுமா" என்று கேட்டாயே, நான்கூட ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு சிக்னல் போய்விட்டது என்று வைத்தேனே, சிக்னல் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், நடுவில் பக்கத்தைத் தாவினால் எனக்குத் தெரிந்துவிடும்.

நாம் இரண்டு பேரும் காலேஜ் முடித்து ஒரு வருஷம் ஆகிறது, நினைவிருக்கிறதா? நீ கட்டட வரைபடம் படிக்கப் போனபோது வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்க மாட்டேன் என்று நான் கண் பரிசோதனைப் படிப்பில் போய்ச் சேர்ந்தேன், வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஆன்ட்டி ஆன்ட்டி என்று என் நோட்டைத்தான் காப்பி அடித்தார்கள். ரிசல்ட் வந்த அன்று ஒரே சோபாவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க, அப்பா ஒரு ஸ்பூன் சர்க்கரையை எடுத்துவந்து யார் வாயில் முதலில் போடுவது என்று தெரியாமல் முழித்துக் கடைசியில் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாரே, அதைச் சொல்லி இப்போதும் அவரைக் கிண்டல் செய்கிறேன். அதற்கப்புறம் இந்த ஒரு வருஷத்தில் எத்தனை நடந்துவிட்டது பார். நீ தனியாக அறை எடுத்தாய், சாவியை உள்ளே வைத்துப் பூட்டினாய், ஒழுகுகிற குழாயை நீயே சரிசெய்து அதைப் போட்டோ பிடித்து அனுப்பினாய், நீ வரைந்த மாடிப்படியில் நிஜமாகவே ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். நானும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. கண் மருத்துவமனையில் வேலை, சட்டையில் என் பெயர் போட்ட பட்டை, அதுவரை உன் அம்மா, லிஃப்ட் மெக்கானிக் வீட்டம்மா என்றுதான் தெருவில் என்னைத் தெரியும், இப்போது முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், முதல் நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் நின்றிருந்தேன். ஸ்கூட்டர் ஓட்டப் பழகிவிட்டேன், திரும்பும்போது மட்டும் இறங்கித் தள்ளுகிறேன். ஊரார் கண்ணை எல்லாம் சோதித்த எனக்கே கண்ணாடி தேவை என்று கண்டுபிடித்தார்கள், அந்த மானக்கேட்டை நீ யாரிடமும் சொல்லாதே. வாரத்தில் பாதி நாள் அப்பாதான் சமையல், கெட்டுப்போன லிஃப்டைப் பார்ப்பதுபோல அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார், உப்பு மட்டும் இன்னும் அவர் கைக்கு வசப்படவில்லை.

இத்தனை நல்லதுக்கு நடுவில் ஒரு கூத்து நடந்தது, உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கூடம் போகிற ஒரு சின்னப் பெண்ணை அவள் அம்மா கூட்டிவந்தாள், அடிக்கடி தலைவலி என்று. நாற்காலியில் உட்காரவைத்து எதிரே பலகையில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். மேல் வரிகளைக் கடகடவென்று படித்தாள், கீழ் வரிகளுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து, ஆனாலும் சரியாகவே சொன்னாள், பார்வை பிரமாதம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். கொஞ்ச நாளில் அதே தலைவலியோடு திரும்பி வந்தார்கள். டாக்டரம்மா தானே சோதித்தால் பிள்ளைக்குக் கீழ்ப்பாதிப் பலகையே தெரியவில்லை. டாக்டரம்மா உன்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள், ஆனால் கண்டிப்பில் உன் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸே தோற்றாள். அதே பிள்ளையை இன்னொரு தடவை என்னைச் சோதிக்கச் சொல்லி ஓரமாக நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு வெளியே கூப்பிட்டு, "அக்கா, அந்தப் பொண்ணு பலகையப் பாக்கவே இல்ல, உங்க மூஞ்சியத்தான் பாக்குது. தப்பாச் சொன்னா உங்க புருவம் மேல போகுது, உடனே மாத்திச் சொல்லுது. சரியாச் சொல்ற வரைக்கும் உங்களால சும்மா நிக்க முடியல. நீங்க அவளப் பாஸ் பண்ண வைக்கிறீங்க, அவ ஃபெயில் ஆனாத்தானே நாம கண்ணாடி குடுக்க முடியும்" என்றாள். எனக்கு பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை நிரந்தரம் செய்யமாட்டேன் என்றும் சொன்னாள், அதில் தப்பே இல்லை.

முகக்கவசம் போட்டுக்கொண்டு பார்த்தேன், புருவம் வெளியேதான் இருக்கிறது, அது அடங்குவேனா என்கிறது. கடைசியில் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க ஆரம்பித்தேன். முன்னால் பலகை, நடுவில் ஆள், பின்னால் நான். வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், அவர்கள் தடுமாறும்போது என் நாக்கு துடிக்கிறது, ஆனாலும் காத்திருக்கிறேன். தெரியவில்லை என்று அவர்களே சொல்கிற வரைக்கும் காத்திருக்கிறேன். அந்தச் சின்னப் பெண் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, எதிர்ச்சாரியில் இருக்கிற கடைப் பலகைகளை எல்லாம் ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தாள், பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த பொடி எழுத்தைக்கூட விடவில்லை. அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். போன திங்கட்கிழமை வேலையை நிரந்தரம் செய்துவிட்டார்கள், அப்பா அந்தச் சந்தோஷத்தில் உப்பே போடாமல் சமைத்தார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பள்ளிக்கூட மேடையில் பேசினாயே, ஒவ்வொரு வரிக்கும் முன்வரிசையில் இருந்த என் உதட்டைப் பார்த்துப் பார்த்து, அது ஞாபகம் வந்தது. துணிக்கடையானாலும் சரி, காலேஜில் என்ன படிப்பது என்பதானாலும் சரி, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நீ பதில் சொல்வாய். என் பிள்ளை எதையும் தப்பாகத் தேர்ந்தெடுத்ததே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். உனக்குத் தெரிந்து சொன்னாயா, என் முகத்தில் படித்துச் சொன்னாயா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். இருக்கட்டுமா, வந்துடட்டுமா என்று நீ கேட்டபோது என் முகம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியும், நல்லவேளை அன்றைக்கு வீடியோ இல்லை. இனி மாசக் கடைசி வரைக்கும் வீடியோவில் வரமாட்டேன். எனக்கென்று ஓர் ஆசை இல்லையா என்றால் இருக்கிறது, குடம் குடமாக இருக்கிறது, அது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதே. உன் அறையில் அப்பா அவருடைய கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார், நான்தான் அதைத் தூக்கி வெளியே… சரி, இந்த வரியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். நம் தெருமுனையில் புதிதாக ஒரு கட்டட வரைபட அலுவலகம் திறந்திருக்கிறார்கள், அது வெறும் ஊர்ச் சேதி, அதையும் அடித்துவிட்டேன்.

நீ அங்கே இருந்தால் என் மகள் அங்கே இருக்கிறாள். வந்தால் என் மகள் வந்திருக்கிறாள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்படாதே சிட்டு, தப்பாகப் போனால் இன்னொரு தடவை படிக்கலாம், அதற்கு யாரும் உன்னை ஃபெயில் போடமாட்டார்கள். நான் உன் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறேன். திரும்பிப் பார்க்காதே. உனக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்.

நோய் நொடி இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டு, மனசு நிறையச் சிரித்து, நீண்ட காலம் நன்றாக இரு. நாளெல்லாம் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டு இருக்காதே, நடுநடுவே ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பார், இதை அம்மாவாகச் சொல்லவில்லை, மருத்துவமனை ஆளாகச் சொல்கிறேன். சாவியை மறக்காதே.

என்றும் உன் பின்னால் நிற்கும்,
அம்மா

பி.கு. அப்பாவும் கீழே இரண்டு வரி எழுத வேண்டும் என்று பேனாவுக்காகப் பக்கத்திலேயே நிற்கிறார். கொடுக்கவில்லை. அவருக்குப் புருவம் என்னுடையதைவிடப் பெரியது.