முதுகு மட்டும் தெரிந்த காட்சியும் என் வீட்டுச் சாவியும்

அனுப்புநர்:
ஒதில் கர்னியே,
மருந்துக்கடை ஊழியர்,
சேன்-லோமெர்.

பெறுநர்:
அரசு வழக்குரைஞர் அவர்கள்,
மாவட்ட நீதிமன்றம், தூர்.

பொருள்: என்னைப் பின்தொடரும் திரு. லோயிக் பெர்த்தோ மீது வழக்குப் பதிந்து, எனக்குப் பாதுகாப்பு வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. முன்னொரு காலத்தில் ஆபாசம் என்று தடைசெய்யப்பட்ட நாவலொன்றை இக்காலக் கதையாக மாற்றி, சென்ற கோடையில் எங்கள் ஊரில் படம் பிடித்தார்கள். கதாநாயகி ஆடையின்றித் தோன்றும் காட்சியில் அந்த நடிகைக்குப் பதிலாக நின்றது நான். முகம் தெரியாது, முதுகு மட்டுமே. விரும்பித்தான் நின்றேன். அதற்காக வெட்கப்படவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. படக்குழுவின் சார்பில் படப்பிடிப்புக்கு என்னைக் காரில் அழைத்துச் சென்று வந்தவர் திரு. பெர்த்தோ. நான் வேலையாக இருக்கும்போது என் கைப்பை அவருடைய காரில்தான் இருக்கும். வீட்டுச் சாவியும் அதற்குள்தான்.

3. படத்தில், மணமான கதாநாயகியை அடைய நினைப்பவன் அவள் வீட்டுச் சாவிக்கு நகல் எடுக்கிறான். அவள் இல்லாத வேளையில் உள்ளே போய், படுக்கையில் பச்சைப் பட்டுச் சால்வையை விரித்துவிட்டுப் போகிறான். படம் வெளியான வாரத்தில் வேலை முடிந்து வீடு திரும்பினேன். கதவு பூட்டியபடியே இருந்தது. எதுவும் திருடுபோகவில்லை. என் படுக்கையில் ஒரு பச்சைச் சால்வை விரிக்கப்பட்டிருந்தது.

4. காவல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி சால்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல பட்டா இருக்கே! ஊரே பாக்க முதுகக் காட்டினப்போ வராத பயம், இப்ப எங்கேருந்தும்மா வந்துச்சு?” என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். புகாரை எழுதிக்கொள்ளவில்லை. சால்வையை இம்மனுவுடன் அனுப்பியுள்ளேன். அதை வீட்டில் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

5. பூட்டை மாற்றினேன். எவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் திரு. பெர்த்தோ மருந்துக்கடைக்கு வந்து, வரிசையில் பொறுமையாக நின்று, இருமல் மிட்டாய் வாங்கினார். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது, “பூட்ட மாத்திட்ட போல. படத்துல அவ மாத்தலையே” என்றார். பழைய சாவியைப் போட்டுத் திறக்க முயன்றவருக்குத்தானே அது தெரியும்? அருகிலிருந்து கேட்ட கடை முதலாளி மதாம் வெர்தியே சாட்சி சொல்ல முன்வந்துள்ளார்.

6. அப்படத்தின் முடிவையும் நான் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணின் உடல் ஆற்றில் மிதக்கிறது. தானே விழுந்தாளா, யாரேனும் தள்ளினார்களா என்பதைப் படம் சொல்வதில்லை. நான் வேலைக்குப் போக லுவார் ஆற்றுப் பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது. சில நாட்களாக நான் பாலத்தில் நடக்கும்போதெல்லாம் அவருடைய கார் எனக்குப் பின்னால், என் நடைக்கு ஏற்றபடி மெதுவாக வருகிறது. நேற்று நடுப்பாலத்தில் நின்றது. கார்க் கதவு திறக்கும் ஓசை கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஓடினேன். இன்று வேலைக்குப் போகவில்லை.

ஆகவே, என் புகாரை ஏற்று விசாரிக்கவும், அவர் என்னை நெருங்காதபடி தடைவிதிக்கவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணைக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அவன் வந்து கதவைத் தட்டினான். படத்தில் வரும் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறான். தாங்கள் அனுப்புபவர் வெளியே நின்று “ஒதில்” என்று கூப்பிடட்டும். அப்போதுதான் திறப்பேன்.

தங்கள் ஆணைக்காகக் கதவடைத்துக் காத்திருக்கும்,
ஒதில் கர்னியே
(கையொப்பம்)

இடம்: சேன்-லோமெர்
நாள்: 14 மார்ச் 2023