இறப்புச் சான்றிதழ் விஷயமாக

அன்பு மகளுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ளாது. போனில் என்ன சமையல், அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு இருவருமே வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவை இறந்தவராக அறிவிக்கக் கோரும் விண்ணப்பம் வந்தது. நீ கையெழுத்துப் போட்டு, எனக்கு இடம் விட்டிருக்கிறாய். உன் நியாயம் புரிகிறது. வீடு அவர் பெயரில் இருக்கும்வரை விற்க முடியாது, நான் உன்னிடம் வரவும் முடியாது. மழை பெய்தால் முன்னறை ஒழுகுகிறது. கட்டிலை மூலைக்கு இழுத்துவிட்டேன். ஒருத்திக்கு மூலை போதும்.

கல்லூரியில் ஆசிரியர் அறைக்குள் நான் போனால் இன்னமும் பேச்சு நின்றுவிடுகிறது. விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று போலீஸ்காரர்கள் அப்பாவை ஜீப்பில் ஏற்றிய நாளிலிருந்தே அப்படித்தான்.

சென்ற வாரம், ஆட்களைக் காணாமலாக்குவதற்கு எதிரான சட்ட வரைவு பற்றிக் அரசுக் குழு ஒன்று எங்களைப் போன்ற குடும்பங்களிடம் கருத்துக் கேட்டது. எனக்கு நம்பிக்கையில்லை. மகனைத் தேடும் தையற்கடை அக்காதான், "வாங்க டீச்சர், நான் பேசினா அழுதாள்னு எழுதிக்குவாங்க, நீங்க பேசினா பேசினதை எழுதுவாங்க" என்று இழுத்துப் போனாள். ஏழு வருடமாகக் காணாமல்போனவர் சட்டப்படி இறந்தவர்தானே, தனிச் சட்டம் எதற்கு என்றார் ஓர் அதிகாரி. பிறகு டீ குடிக்கப் போனவர் திரும்பவேயில்லை. "இவரையும் செத்தவர்னு எழுதிடலாமா?" என்றாள் அக்கா. நானும் சிரித்துவிட்டேன்.

வரைவைப் படித்தேன். கொண்டுபோனவர்கள் ஆளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும்வரை குற்றம் முடிவதில்லை என்கிறது. இறந்தார் என்று எழுதாமலே, காணாமலாக்கப்பட்டவர் என்ற சான்றிதழை வைத்து வீட்டை விற்கலாம். ஆனால் குடும்பமே இறந்ததாக எழுதிக் கொடுத்திருந்தால் வழக்கைத் திறக்க முடியாது என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. அதை நீக்கச் சொல்லிப் பேசினேன். குழுத் தலைவர் குறித்துக்கொண்டார். நீக்குவார்களா, தெரியாது.

அதனால் விண்ணப்பத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். நீயும் தனியாக அனுப்பிவிடாதே. அப்பா இல்லை என்று நீ நினைப்பதில் எனக்குக் கோபமில்லை. சில நாள் காலையில் நானும் அந்த நினைப்போடுதான் எழுந்திருக்கிறேன். ஆனால் அதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் அவரைக் கொண்டுபோனவர்கள். அவர்கள் வேலையை நாம் செய்து கொடுக்க வேண்டாம்மா.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எந்தக் குறையுமில்லாமல் நன்றாயிரு. கோபம் வந்தாலும் பதில் எழுது. இந்த வீட்டில் ஆள் இருப்பது தபால்காரருக்காவது தெரியட்டும்.

அன்புடன்,
அம்மா