வேலைக்காரி வேடம்

நான் வேலை செய்யும் ஹட்டன் துணிக்கடைக்கு இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். நாடகத்துக்குத் துணி வேண்டுமாம். இங்கிலீஷ் இலக்கியத்தில் நாம் படித்த அதே பழைய காதல் நாடகம். சீமாட்டிக்கு நீலப் பட்டு எடுத்தார்கள். வேலைக்காரிக்கு என்ன என்று கேட்டேன்.

"அவளுக்கு எதுக்குக்கா? வீட்டுல கெடக்கிற பழசு போதும்."

பட்டை வெட்டிக் கொடுத்தேன்.

நம் வகுப்பில் அந்த வேலைக்காரியின் பகுதியை வாசிக்க யாரும் முன்வரவில்லை. நீதான் கை தூக்கினாய். திட்டு வாங்கிக்கொண்டே அவள் சிரிக்கும் இடத்தில் வகுப்பையே சிரிக்க வைத்தாய். நாடகத்தின் கடைசியில் எல்லோருக்கும் கல்யாணம். "சேர், இவ என்ன ஆனா?" என்று கேட்டாய். "அது சோதனைக்கு வராது" என்றார் பாடம் நடத்திய சேர்.

உன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் உன்னைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். "சோதனைக்கு வந்துருவேன்டி" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து நீ கோல் எடுத்தபோது, உன் அம்மா பேசிவிட்டு, உங்கள் வீட்டுக்கு வந்திருந்த என்னிடம் போனைத் தந்தார். நீ சிரித்துக்கொண்டே பேசினாய்.

"நீயும் சிரிடி. வீட்டுக்கார நோனாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனா முன்னால நின்னு என் மூஞ்சியப் பார்க்குறாங்க. அடிக்கிறாங்கடி. கை வீங்கிப் போச்சு. அம்மாகிட்ட சொன்னா அங்கயே கத்தி அழுதுரும். நீ சொல்லி என்னைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு."

நானும் சிரித்தேன்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், போனை வைத்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சும்மா இரு புள்ள. எவ்வளவு சந்தோசமா சிரிச்சுச்சு, நானும் பக்கத்துலதானே நின்னேன்" என்றார் உன் அம்மா. படுத்திருந்த உன் அப்பா திரும்பிப் பார்த்தார். "மறுபடி பள்ளிக்கூடம் போறதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுறீங்க."

அவ்வளவு நன்றாக நடித்திருந்தாய்.

மாடியிலிருந்து தவறி விழுந்ததாகச் சொல்லி உன்னைக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்க விடவில்லை. அடுத்த வாரம் சேர் கடைசி அங்கத்தைத் திரும்ப நடத்தினார். உன் பகுதியை வேறொருத்தி வாசித்தாள். வகுப்பு சிரித்தது. அன்றோடு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏன் என்று வீட்டில் அதட்டினார்கள், பிறகு வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள்.

"கடைசியா பேசினப்பகூட சிரிச்சுச்சு" என்று உன் அம்மா இன்னும் வருகிறவர்களிடம் சொல்கிறார். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அன்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இன்று மறுபடி சொன்னால் நம்பிவிடுவார். அதனால்தான் சொல்வதில்லை.