ஸ்டேஷனுக்குப் போய்வந்த மீசைக்காரர்

அன்புள்ள அக்காவுக்கு,

இடவப்பாதி மழை விடாமல் பெய்கிறது. காலையில் மீசைக்காரரின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கம் திருப்பினேன். பூஞ்சையும் பழைய எண்ணெய்ச் சாயமும் கலந்த மணம் குப்பென்று வந்தது. நீ பின்னால் வந்து நிற்பதுபோல் இருக்கவே, கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன். அது ஈரத்துணி என்பது உனக்குத் தெரியவேண்டாம்.

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸான நீ, வெள்ளறடை முதல் பொழியூர் வரை பேறு பார்க்கப் போனாய். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். மற்ற நர்ஸுகள் சேலை கேட்டார்கள். நீ சுவரைப் பார்த்தாய். அப்படித்தான் நம் பாறசாலை வீட்டில் கண்ணாடி ஓவியங்களும் பாசிமணிக் கிளிகளும் வந்து குடியேறின. வேதக்கார வீட்டில் கிருஷ்ணன் வெண்ணெய் தின்கிறானே என்று சர்ச் உபதேசியார் முகம் சுளித்தபோது, "வெண்ணெயை எப்பிடி வரைஞ்சிருக்கான் பாருங்கோ. அதுக்காக்கும் வச்சிருக்கேன்" என்றாய். அவரும் கொஞ்சநேரம் வெண்ணெயைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வீட்டிலிருந்தே தைத்துக்கொண்டிருந்த என்னைக் காவல்காரன் ஆக்கினாய். காய்ந்த மல்துணியால்தான் துடைக்கவேண்டும். காற்றோட்டத்துக்காகச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே தக்கை வைக்கவேண்டும். நான் தும்மினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மவேண்டும்.

மீசைக்காரர் கள்ளிக்காட்டில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வந்தவர். தலைப்பாகை, வெல்வெட் கோட்டு, கன்னத்தைப் பாதி மறைக்கும் மீசை. அவர் யார் என்று கொடுத்தவர்களுக்கே தெரியாது.

எல்லைப் போராட்டம் சூடாகியிருந்த காலம் அது. நம் தாலூக்கா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஓர் ஊர்வலம் போகும். பின்னாலேயே போலீஸ் வீடுவீடாகச் சோதனைக்கு வரும். நம் வீட்டுக்கும் வந்தார்கள். நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். இன்ஸ்பெக்டர் நேரே மீசைக்காரர் முன்னால் போய் நின்று, "இயாள் ஆரா?" என்று, இந்த ஆள் யார் என மலையாளத்தில் கேட்டார். தெரியாது என்றால் தலைவர் யாரையோ மறைக்கிறேன் என்று என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களே என்று பயந்து, எங்கள் அப்பன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து நீ உள்ளே வந்தாய். உன்னிடமும் கேட்டார். என் முகத்தை ஒருதரம் பார்த்தாய். அப்பன்தான் என்றாய். இன்ஸ்பெக்டர் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அங்கே நம் அப்பா, மழமழவென்று வழித்த முகத்தோடு, ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுப் போட்டோவில் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் இது யார்?

"அதும் அப்பன்தான். அது உயிரோட இருக்கும்பம் எடுத்தது. இது செத்தபெறவு, ஆளைப் பாக்காம வரைஞ்சதாக்கும்" என்றாய்.

கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. விசாரிக்கவேண்டும் என்று படத்தை எடுக்கச் சொன்னார். வெளியே தூறல். நீ ஓடிப்போய் உன் நல்ல படுக்கைவிரிப்பை எடுத்துவந்து படத்தைச் சுற்றினாய். எப்படிப் பிடிக்கவேண்டும் என்று போலீஸுக்கு வகுப்பு எடுத்தாய். அவர்கள் போனபின், என்னைக் கொண்டுபோயிருந்தாலும் இப்படிப் பதறியிருப்பாயா என்று கேட்டேன்.

"நீ நனைஞ்சா துண்டால தோர்த்தி விடலாம் மக்கா. அவரைத் தோர்த்த முடியுமா?"

மறுநாள் மல்துணியோடு ஸ்டேஷனுக்குப் போனாய். டீ போடும் அடுப்புக்குப் பக்கத்தில் அவரைச் சாய்த்துவைத்திருந்தார்கள். நீ போட்ட சத்தத்தில் அடுப்பு வராந்தாவுக்குப் போனது. பிறகு தினமும் போனாய். உன் சைக்கிள் மணி கேட்டதும் ஏட்டு கொல்லைப்புறம் போய்விடுவார் என்று சொல்வார்கள்.

இதற்குள் நம் தலைவர் ஒருவரின் படத்தைப் போலீஸ் சிறைபிடித்துவிட்டது என்று ஊரில் பேச்சு பரவியது. எந்தத் தலைவர் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டேஷன் முன்னால் கூட்டம் சேர்ந்து, விடுதலை செய் என்று கோஷம் போட்டது. நான் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். தடியடி நடக்கப்போகிறது என்றே நினைத்தேன். இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். கூட்டத்தை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துக் கைகூப்பி, தயவுசெய்து உங்கள் அப்பனைக் கொண்டுபோங்கள் என்றார்.

மீசைக்காரர் தோள்மேல் ஏறி ஊர்வலமாக வீடு வந்தார். வழியெல்லாம் வாழ்க கோஷம். ஒருவன் அவர் கழுத்தில் மாலை போடப் போனான். "எலே, ஈர மாலையை அவருமேல போடாத, சாயம் போவும்" என்று நீ கத்தினாய். மாலையை என் கழுத்தில் போட்டார்கள். பயந்து நடுங்கியே நான் தியாகி ஆனேன்.

பிறகு எல்லைக்கோடு விழுந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம், நாம் கேரளத்தோடு இந்தப் பக்கம். தோள் கொடுத்தவர்கள் வெகுநாள் யாரோடும் பேசாமல் திரிந்தார்கள். அப்போதுதான் கள்ளிக்காட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் படத்தை அடையாளம் கண்டுகொண்டார். அந்தக் காலத்தில் வரி வசூலிக்க வந்து, ஊரையே அழவைத்த மலையாள அதிகாரியாம். பெரியவர் போனதும் கதவைச் சாத்தினாய். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். யாரிடமும் சொல்லாதே என்றாய்: "பாவம், ஒருநாளாவது அவருக்கும் வாழ்க சொல்ல ஆளு உண்டாச்சே."

உன்னிடமிருந்து எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாங்கிலோ கல்யாணவீட்டிலோ ஒரு படம் கோணலாகத் தொங்கினால் என்னால் சும்மா இருக்கமுடியாது. போன மாதம் டாக்டர் அறையில் நாற்காலிமேல் ஏறி, நர்ஸிடம் மலையாளத்தில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். உன் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரே ஒரு காலண்டர் சாய்ந்து தொங்கியது. பேசமுடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். எழுந்துபோய் நிமிர்த்தினேன். நீ விரலை லேசாக இடதுபக்கம் அசைத்தாய். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். அப்புறம்தான் கண்ணை மூடித் தூங்கினாய்.

உன் தம்பி