மச்சான் பெயரில் ஒரு வேன்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். உப்பு வாங்க மறந்தேன்.

வெற்றி. வார்டு ஆபீஸ் கோ நைங் வந்து, வாசலில் இரண்டு மழைக்காலமாக நிற்கும் வெள்ளை வேனின் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினான். வரும் திங்களுக்குள் உரியவர் வந்து எடுக்காவிட்டால் கிரேன் தூக்கிப் போகும். மாநகராட்சி யார்டில் கொஞ்ச நாள், அப்புறம் ஏலம். இது என் மூன்றாவது புகார். முதல் இரண்டும் என்ன ஆயின என்று கேட்டால் சிரிக்கிறார்கள். நல்ல பர்மிய நடையில் எழுதியிருந்தேன். அதுதான் தவறோ என்னவோ.

வேனின் நிலை: டயர் நான்கும் தரையோடு. உள்ளே பூனைக்குட்டிகள். வெயில் அடித்தால் கூரையில் இரண்டாம் மாடிக்காரியின் மிளகாய். அடியில் தேங்கிய தண்ணீர், கொசு. எனக்குக் கார் கிடையாது, அந்த இடம் எனக்குத் தேவையும் இல்லை. அது வேறு விஷயம்.

கோ நைங் வேனைப் படம் எடுத்துப் போனில் நாலு பேருக்கு அனுப்பினான். சயாவுக்கு இனி நிம்மதி என்றான். மரியாதையா, கிண்டலா, தெரியவில்லை. படித்தவனை எல்லாம் சயா என்கிறார்கள். அதோடு சரி.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். பால்கனிக் கயிற்றை யாரோ கீழிருந்து இழுக்க, மணி அடித்தது. மூன்று மாடி ஏற யாருக்கும் மனம் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு பெண், வேன் கதவில் கை வைத்தபடி.

பெயர் மா மியா. ஷ்வேப்யிதாவில் துணி தைக்கும் ஆலையில் வேலை. ஆலைப் பெண்களை ஏற்றி இறக்கும் ஃபெரி வண்டியாக இந்த வேனை ஓட்டியவன் அவள் கணவன். தாய்லாந்துக்கு வேலைக்குப் போகும்போது, டவுனில் நண்பன் வீட்டு முன்னால் நிறுத்தியிருப்பதாக மட்டும் சொல்லியிருக்கிறான். நண்பன் வீடு மாறிவிட்டான். கணவனிடமிருந்து போனும் வருவதில்லை. நோட்டீஸ் படம் யார் யார் போனிலோ சுற்றி அவளிடம் வந்திருக்கிறது. வண்டி ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள். வேன் கிடைத்தால் அதே ஃபெரி. கிடைக்காவிட்டால் தையல் மிஷின்தான், கண் போகும்வரை.

புகார் கொடுத்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியும், கோ நைங் சொல்லியிருக்கிறான். திட்டுவாள் என்று நின்றேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்றாள். இல்லையென்றால் வண்டி எங்கே என்றே தெரிந்திருக்காதாம். எரிச்சலில் செய்ததற்கு நன்றி.

சிக்கல்: ஓனர் புக் அவளிடம் இருக்கிறது, ஆனால் அதில் கணவன் பெயர் இல்லை. இந்த ஊர் வழக்கம். பெயர் மாற்றினால் வரி, அலைச்சல். புத்தகத்தை மட்டும் கைமாற்றிக்கொண்டு ஓட்டுவார்கள், பெயர் பழைய ஆளுடையதாகவே கிடக்கும். அந்த ஆள் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்கிறான் கோ நைங்.

பெயரைப் படித்தேன். ஊ முத்தையா, அதாவது திரு முத்தையா.

என் மச்சான். மனைவி சரசுவின் அண்ணன். வண்டி புரோக்கராக இருந்தவர். ஊரில் அவர் கைக்கு வராத பழைய வேன் இல்லை.

ஆறேழு வருடமாகப் பேச்சு இல்லை. கோயில் கமிட்டியில், எல்லார் முன்னாலும் என்னைப் பற்றிச் சொன்னார்: "அவரு படிச்சவருப்பா, வேலைக்கு ஆக மாட்டாரு." யார் யார் சிரித்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

சரசுவிடம் சொன்னேன். "எங்கண்ணன் வீட்டுக்கு நீங்க போறதுக்கு ஒரு வேன் செத்துக் கெடக்கணுமாக்கும்."

ஜூன் 7, சனி

தூறல். முத்தையா வீட்டுக்கு, ஆற்றுக்கு அக்கரையில் டாலா. படகில் நிற்கத்தான் இடம். இறங்கியதும் சைக்கா, பக்கவாட்டில் சீட்டு வைத்த சைக்கிள் ரிக்‌ஷா. சைக்காக்காரனுக்கு மு. வீடு தெரிந்திருந்தது. எரிச்சல்.

கால் வீங்கியிருக்கிறது மு.வுக்கு. தலை முழுக்க வெள்ளை. எனக்கு மட்டும்தான் வயதாகிறது என்று நினைத்திருந்தேன். வா என்று சொல்லவில்லை, லாப்பெத் என்கிற ஊறவைத்த தேயிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

அவருக்குப் பயம். பெயர் மாற்றாமல் அவர் பெயரிலேயே ஓடிய இன்னொரு வேன் யாரையோ இடித்துவிட்டு, ஸ்டேஷனில் இவரை உட்கார வைத்திருக்கிறார்கள். "எந்த ஆபீஸ் படியும் இனிமே மிதிக்கிறதா இல்ல மாப்ளே."

"அவ பேருக்கு மாத்திட்டா உங்க பேரு போயிடும் மச்சான். எழுதறது பேசறது எல்லாம் என் பொறுப்பு. நான் கூட நிக்கிறேன்."

கடைசி வாக்கியம் எப்படி வந்தது? படகில் திரும்பும்போதுதான் உறைத்தது.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சரசுவுக்கு ஒரு கட்டு வெற்றிலை கொடுத்தனுப்பினார். சொந்தத் தோட்டம்.

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே கிரேன். சங்கிலியை மாட்டிவிட்டார்கள். மா மியா பூனைக்குட்டிகளைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு வேனை ஒட்டியே நின்றாள். மு. போனை எடுக்கவில்லை. வரமாட்டார், எனக்குத் தெரியும் என்று சரசுவிடம் இரண்டு தரம் சொன்னேன்.

கோ நைங் எங்களைப் பார்க்காமல் கிரேன்காரர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னான். அவனைப் பற்றி இங்கே எழுதியதில் சிலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் அல்ல.

அவர்கள் டீ முடிவதற்குள் தெருமுனையில் மு. குடையை ஊன்றிக்கொண்டு, கோயிலுக்குக் கட்டும் வேட்டியில்.

வார்டு ஆபீஸில் வேனை விடுவிக்கும் மனுவை நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். சயாவை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கோ நைங் கேட்டான். தங்கை வீட்டுக்காரர், படித்தவர் என்றார். மீதிப் பாதிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

தூக்க வந்த கிரேனே வேனை ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போனது. இரண்டாம் மாடிக்காரிக்கு மட்டும் வருத்தம். மிளகாய்.

ஜூன் 13, வெள்ளி

வெயில், அதிசயம். வேன் நின்ற இடத்தில் அதற்குள் ஒரு நீலக் கார். எண்ணைக் குறித்துக்கொண்டேன். பழக்கம்.

இன்று பெயர் மாற்றம். தெருவில் ஹாரன். மா மியா ஓட்டி வந்துவிட்டாள், கழுவின வேன், பக்கத்து சீட்டில் மு. படகுத்துறையிலேயே போய் ஏற்றிக்கொண்டாளாம். மு. கழுத்தை வெளியே நீட்டித் தெருவுக்கே கேட்கும்படி: "எறங்குங்க மாப்ளே. என் பேர்ல இன்னும் நாலஞ்சு வண்டி ஓடுது, இதோட விட்டுருவேன்னு பாத்தீங்களா."

சரசு உள்ளே போய் முகம் கழுவுகிறாள். அழுதிருப்பாள்.

பேனா இரண்டு எடுத்துக்கொண்டேன். பால்கனி மணி மறுபடி அடிக்கிறது, இறங்குகிறேன்.